பிள்ளையின் டேப்லெட்: சாவி யார் கையில்?

முன்பெல்லாம் ஒரு வீட்டில் பூட்டு என்றால் மூன்றே இடங்களில்தான் இருக்கும். வாசற்கதவில் ஒன்று, பீரோவில் ஒன்று, டிரங்குப் பெட்டியில் ஒன்று. மூன்றின் சாவியும் வீட்டுப் பெரியவர்களின் இடுப்பிலோ, சுவாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். பிள்ளைகளிடம் சாவி இருந்ததில்லை. பூட்டி வைப்பதற்கு அவர்களிடம் பொருளும் இருந்ததில்லை.

இன்று அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனிடம் ஒரு டேப்லெட் இருக்கிறது. அதற்கு ஆறு இலக்கத்தில் ஒரு பூட்டெண் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவர் அப்பா. மாதாமாதம் இணையக் கட்டணம் கட்டுபவரும் அப்பா. ஆனால் அந்த எண் மட்டும் அப்பாவுக்குத் தெரியாது!

பெங்களூரில் அலசூர், ஸ்ரீராமபுரம் சந்துகளிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டியின் அடுக்குமாடி வீடுகள் வரை, பிள்ளைகள் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இன்று இதே பேச்சுத்தான். "அதைத் திறக்க ஏதாவது வழி உண்டா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு.

கேள்வி சிறியது. ஆனால் அதற்குத் தொழில்நுட்பம் ஒரு பதில் சொல்கிறது, சட்டம் இன்னொரு பதில் சொல்கிறது, பிள்ளையிடமும் ஒரு பதில் இருக்கிறது. மூன்றையும் கேட்டுவிட்டு முடிவுக்கு வருவதே முறை.

பாடம் படிக்க வந்த பலகை

மாணவர்களுக்கு மலிவு விலையில் டேப்லெட் என்ற பேச்சு நம் நாட்டில் புதிதல்ல. 2011 அக்டோபர் 5 அன்று டில்லியில் "ஆகாஷ்" டேப்லெட்டை மத்திய அரசு அறிமுகப்படுத்தியபோதே அது தொடங்கிவிட்டது. ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்குள் டேப்லெட்டைக் கொண்டு வந்து சேர்த்தது 2020 மார்ச் மாதத்து ஊரடங்குதான். பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் திரைக்கு வந்தது. நகையை அடகு வைத்து டேப்லெட் வாங்கிய குடும்பங்களும் உண்டு.

பள்ளிகள் மீண்டும் திறந்தன. டேப்லெட் மட்டும் திரும்பிப் போகவில்லை. பி.யு.சி., நீட், சி.இ.டி. என்று பயிற்சி வகுப்புகள் அதைப் பிடித்துக்கொண்டன. படிப்புக்கு என்று வந்தது படிப்போடு நின்றதா என்றால், அதுவும் இல்லை.

பிரதம் அமைப்பு வெளியிடும் கல்வி நிலை அறிக்கையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு கணக்குக் கொடுக்கிறது. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிகிறது. அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளங்களுக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். கிராமத்திலேயே இப்படி என்றால் பெங்களூரைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ!

பூட்டைப் போட்டவர் யார்?

டேப்லெட் வாங்கிய நாளை எந்தப் பெற்றோரும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். அட்டைப் பெட்டியைப் பிரித்தது யார்? மொழி, கணக்கு, பிறந்த தேதி என்று திரை ஒவ்வொன்றாகக் கேட்டபோது பதில் எழுதியது யார்? பெரும்பாலான வீடுகளில் அது பிள்ளைதான்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் வீடுகளில் இது இன்னும் அதிகம். பிழைப்புத் தேடி வந்த அப்பாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். கன்னடம் பேச வரும். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வரும். பிள்ளைக்கோ மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. ரேஷன் கார்டு விண்ணப்பத்திலிருந்து மின்சாரக் கட்டணம் வரை வீட்டுக்காக நிரப்புவதே அந்தப் பிள்ளைதான். புது டேப்லெட்டையும் அதனிடமே கொடுத்து, "நீயே பார்த்துப் போட்டுக்கோ, கண்ணு" என்று சொல்வது இயல்பு.

அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தன் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்குத் தொடங்கும். சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ளப் பொதுவாக 13 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் பிறந்த ஆண்டை நாலைந்து வருடம் பின்னுக்குத் தள்ளிப் போட்டுவிடும். அந்த ஒரு பொய்யோடு, டேப்லெட்டின் கண்ணுக்கு அது பெரிய ஆளாகிவிடுகிறது. சிறுவர்களுக்கென்று வைக்கப்பட்ட காவல்கள் எதுவும் அதன்மேல் பாயாது.

ஆகவே பல வீடுகளில் பிள்ளை பெற்றோரைப் பூட்டி வெளியே நிறுத்தவில்லை. பெற்றோர் தாமாகவே சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடுகிறார்கள்.

இதற்கு ஒரு சிறு பரிகாரம் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். "அமைப்புகள்" என்று தமிழில் வரும் பகுதியைப் பெற்றோர் ஒரு முறை முழுவதும் படித்துப் பார்த்தாலே பாதி மிரட்சி போய்விடும்.

இரண்டு பூட்டுகள் உண்டு

பூட்டு என்று பொதுவாகச் சொன்னாலும், டேப்லெட்டில் இரண்டு வகைப் பூட்டுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பமே.

முதலாவது, பெற்றோர் போடும் பூட்டு. கூகுள் நிறுவனம் 2017இல் "ஃபேமிலி லிங்க்" என்ற செயலியையும், ஆப்பிள் நிறுவனம் 2018இல் "ஸ்கிரீன் டைம்" என்ற வசதியையும் கொண்டு வந்தன. இவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும், எந்தச் செயலியைச் சேர்க்க அனுமதி, எதற்கு இல்லை என்பதையெல்லாம் பெற்றோர் தம் போனிலிருந்தே சொல்லலாம். பிள்ளை எங்கே இருக்கிறது என்பதையும் அறியலாம். ஆனால் பிள்ளை யாரோடு என்ன பேசிற்று என்பதை இவை காட்டுவதில்லை. இவை கடை அடைக்கும் நேரத்தைச் சொல்லும் பூட்டுகளே தவிர, கடைக்குள் நடந்ததைச் சொல்லும் ஒற்றர்கள் அல்ல.

இரண்டாவது, திரைப் பூட்டு. டேப்லெட்டை எடுத்தவுடன் கேட்கும் எண். இதைப் போடுபவர் அதைப் பயன்படுத்துபவர். பெற்றோர் பூட்டை வைத்துக்கொண்டு இதைத் திறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். முதல் பூட்டின் எண் வேறு, இரண்டாவது பூட்டின் எண் வேறு.

முதல் பூட்டும் அப்படியொன்றும் இரும்புப் பூட்டு இல்லை. மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன், பக்கத்து இருக்கை நண்பனின் போன், இன்னொரு பெயரில் தொடங்கிய கணக்கு என்று சுற்று வழிகள் பல. பத்து வயதுக் குழந்தைக்கு அந்தப் பூட்டு வேலியாக இருக்கும். பதினாறு வயதுக்காரனுக்கு அது தாண்டிப் பார்க்கத் தூண்டும் வேலியாகிவிடும்.

கடைக்காரர் திறந்து தருவாரா?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, மெஜஸ்டிக் பக்கத்து நேஷனல் மார்க்கெட்டிலோ கொடுத்தால் திறந்து தருவார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி?

இன்றைய டேப்லெட்டுகளில் படமும் கடிதமும் அப்படியே வைக்கப்படுவதில்லை. யாருக்கும் புரியாத சங்கேத எழுத்தாக மாற்றி வைக்கப்படுகின்றன. அதை மீண்டும் புரியும்படி மாற்ற வேண்டுமானால் பூட்டெண் தேவை. அந்த எண் கதவின் தாழ்ப்பாள் மட்டுமாக இருந்தால் கதவை உடைத்து உள்ளே போகலாம். உள்ளே இருக்கும் ஓலையைப் படிக்கும் திறவுகோலே அதுதான் என்பதால், கதவை உடைத்தும் பயன் இல்லை.

நான்கு இலக்க எண்ணென்றால் 10,000 சாத்தியங்கள். ஆறு இலக்கமென்றால் 10 லட்சம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்றால் அதற்கும் தடை இருக்கிறது. ஐபேடில் தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். கடைசியில், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்தாலொழியத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

தூங்கும் பிள்ளையின் விரலை மெல்ல எடுத்து வைத்துத் திறந்துவிடும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். ஆனால் டேப்லெட் ஒரு முறை அணைந்து மீண்டும் எழுந்தால், விரலை ஏற்காமல் எண்ணைத்தான் முதலில் கேட்கும். பிள்ளை விழித்துக்கொண்டால் நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கடைக்காரர் பெரும்பாலும் செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு டேப்லெட்டைப் புதிதாக்குவது. அப்படிச் செய்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கும். திருடர்களுக்காக வைத்த இந்தக் காப்பு, தகப்பனாருக்கும் திருடருக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் துடித்தார்களோ அது அழிந்துபோயிருக்கும்; பிள்ளையின் பாடக் குறிப்புகளும் சேர்ந்தே போயிருக்கும்.

ஒருவேளை திறந்தே விட்டாலும், பெண் பிள்ளையின் படங்கள் நிறைந்த ஒரு சாதனத்தை முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் விட்டு வருவது எவ்வளவு பெரிய அஜாக்கிரதை என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஒளிந்திருந்து பார்க்கும் செயலிகள்

பிள்ளைக்குத் தெரியாமல் டேப்லெட்டில் புகுத்தி, அது தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பெற்றோருக்குக் காட்டுவதாகச் சொல்லும் வேவுச் செயலிகள் விற்கப்படுகின்றன. மாதச் சந்தா வாங்குகிறார்கள். பிள்ளையைக் காப்பாற்றும் ஆசையில் பலர் பணம் கட்டுகிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பிள்ளையின் பேச்சும் படமும் நேராகப் பெற்றோரின் போனுக்கு வருவதில்லை. எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒருவரின் கணினியில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் வருகின்றன. வெளிநாட்டைச் சேர்ந்த பிரபலமான ஒரு வேவுச் செயலியின் தகவல்கள் 2015, 2018, 2024 என்று மூன்று முறை வெளியே கசிந்திருக்கின்றன. வேலி போட வந்தவனிடமே தோட்டத்துக் கதவின் சாவி போய்விட்ட கதை இது.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. வேவு பார்த்தது ஒருநாள் தெரியாமல் போகாது. தெரிந்த அன்று பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்ளும். இனி மறைத்துச் செய்ய வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் பிள்ளை, என் காசு, நான் பார்ப்பேன், யார் கேட்பது?" என்பது பல பெற்றோரின் வாதம். சட்டத்தில் இதற்கு ஓரளவு இடம் உண்டு. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில்தான் ஒருவர் மேஜர் ஆகிறார். அதுவரை பெற்றோரே காப்பாளர்கள். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், மைனரின் நலனே முதன்மையானது என்று சொல்கிறது. அதாவது, பெற்றோரின் அதிகாரம் பெற்றோருக்காக ஏற்பட்டதன்று. பிள்ளையின் நலனுக்காக ஏற்பட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி என்பது பெங்களூர்வாசிகள் பெருமைப்படக்கூடிய செய்தி. பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பற்றியும் ஓர் உலக உடன்பாடு இருக்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தான்தோன்றித்தனமாகத் தலையிடக் கூடாது என்கிறது. 5ஆவது பிரிவோ, பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் இந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களை வாங்க நிறுவனங்கள் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைப் பெற வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ, குறிவைத்து விளம்பரம் செய்யவோ கூடாது என்பது விதி. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சட்டம் பெற்றோர் கையில் சம்மதம் சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஆனால் பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்ட கணக்கில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த இடமே இல்லாமல் போய்விடுகிறது.

பதினைந்து வயதின் நியாயம்

இன்லண்டு கடிதம் வந்த காலத்தில், அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பது அநாகரிகம் என்று நம் வீடுகளில் சொல்லிக் கொடுத்தார்கள். மருமகளுக்கு அவள் தாய் வீட்டிலிருந்து வந்த கடிதத்தை மாமியார் பிரித்ததால் எழுந்த சண்டைகள் எத்தனை! டேப்லெட்டில் இருப்பதும் பெரும்பாலும் கடிதங்கள்தாம். அதில் பிள்ளையின் அந்தரங்கம் மட்டும் இல்லை. தன் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுத சிநேகிதியின் அந்தரங்கமும் அதில் இருக்கிறது.

பிள்ளை பூட்டுவதெல்லாம் குற்றத்தை மறைப்பதற்காக என்று கொள்வது தவறு. தம்பி எடுத்து விளையாடி வீட்டுப்பாடத்தை அழித்துவிடுவான் என்று பூட்டுகிற பிள்ளை உண்டு. முகப்பரு வந்த படத்தை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்று பூட்டுகிற பெண் உண்டு. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று இருக்கும் ஒரே இடம் அந்த ஏழு அங்குலத் திரையாகவும் இருக்கலாம்.

பெற்றோரின் பயமும் பொய்யானதன்று. சொந்த ஊரில் என்றால் பிள்ளை யாரோடு பழகுகிறது என்று தெருவே சொல்லிவிடும். இங்கே அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பிள்ளை நாலு மணிக்கு வந்து தானே கதவைத் திறந்துகொள்கிறது. பாட்டி வேலூரிலோ தர்மபுரியிலோ இருக்கிறாள். கண்காணிக்க ஆளில்லை என்ற தவிப்பில்தான் டேப்லெட்டைக் கண்காணிக்கத் தோன்றுகிறது.

ஆபத்து எப்படி வருகிறது?

இந்தப் பயத்துக்கு உண்மையான காரணமும் உண்டு. விளையாட்டிலோ வலைத்தளத்திலோ ஒருவர் அறிமுகமாகிறார். தம் வயதுப் பெண்ணைப் போலவோ பையனைப் போலவோ பேசுகிறார். நம்பிக்கை வந்ததும் ஒரு படம் கேட்கிறார். படம் கைக்குப் போனதும் பேச்சு மாறுகிறது. "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டல் தொடங்குகிறது.

இந்த மிரட்டலுக்கு வலு எங்கிருந்து வருகிறது? அந்தப் படத்திலிருந்து மட்டுமல்ல. "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார், டேப்லெட்டைப் பிடுங்கிவிடுவார், படிப்பை நிறுத்திவிடுவார்" என்று பிள்ளை நினைக்கிறதே, அந்த நினைப்பிலிருந்து வருகிறது. வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைதான் மிரட்டுகிறவனுக்குக் கிடைத்த முதலீடு. அவமானம் தாங்காமல் பிள்ளைகள் விபரீத முடிவுக்குப் போகும் அபாயம் இங்கேதான் இருக்கிறது.

எனவே பெற்றோர் போடக்கூடிய காவல்களில் மிக வலுவானது ஒரு வாக்குறுதி. "நீ எந்தத் தப்பைச் செய்திருந்தாலும் எங்களிடம் வந்து சொன்னால் அடிக்க மாட்டோம், டேப்லெட்டைப் பிடுங்க மாட்டோம், முதலில் உன்னைக் காப்பாற்றுவோம்" என்பது அந்த வாக்குறுதி. ஆபத்து வந்த பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை. டேப்லெட்டைக் கையில் கொடுக்கும் நாளிலேயே சொல்ல வேண்டும். சொன்னபடி ஒரு முறையாவது நடந்து காட்ட வேண்டும்.

பீரோவில் ஓர் உறை

அப்படியானால் பெற்றோர் கையில் சாவியே இருக்கக் கூடாதா? இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எப்போது எடுப்பது என்பதில்தான் ஒழுங்கு தேவை. அதற்குச் செலவில்லாத ஓர் ஏற்பாடு இது.

பிள்ளை தன் பூட்டெண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போடட்டும். எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் கட்டைப் போல அந்த முத்திரை கலையாமல் உறை பீரோவில் இருக்கட்டும். மூன்று சமயங்களில் மட்டும் அதைப் பிரிக்கலாம்: பிள்ளையைக் காணவில்லை என்றால், பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால், யாரோ மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால். பிரித்தால் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். எண்ணை மாற்றினால் பிள்ளை புதிய உறை வைக்க வேண்டும்.

இந்தப் பேச்சை எடுத்தவுடன், "என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று ஒரு மகள் கேட்கக்கூடும். "உன் மேல நம்பிக்கை இருக்கறதாலதான்டி உறையில வைக்கச் சொல்றேன். இல்லேன்னா என் முன்னாலேயே திறந்து காட்டுன்னு கேட்டிருப்பேனே!" என்று தாய் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் பிள்ளைக்கு மரியாதையும் இருக்கிறது. தாய்க்கு நிம்மதியும் இருக்கிறது.

உறையோடு இன்னும் சில ஏற்பாடுகளும் சேர வேண்டும். கணக்கில் பிறந்த தேதி உண்மையாக இருக்கட்டும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்கும் போன் எண்ணாகப் பெற்றோரின் எண் இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் டேப்லெட் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும்; பெற்றோரின் போன்களும் அதே மேசைக்கு வரட்டும். தனக்கு ஒரு நீதி, பிள்ளைக்கு ஒரு நீதி என்றால் எந்தச் சட்டமும் வீட்டில் நிற்காது.

வயதுக்கேற்ற தளர்வும் வேண்டும். பத்து வயதுக்கு நேரக் கட்டுப்பாடும் செயலி அனுமதியும் முழுமையாக இருக்கலாம். பதின்மூன்று வயதில் நேரத்தைப் பேசி முடிவு செய்யலாம். பதினாறில் இரவு நேரம் தவிர மற்றவற்றைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விடலாம். பத்து வயது நிறைந்த சிறுவர் தம் பெயரில் வங்கிச் சேமிப்புக் கணக்கைத் தாமே நடத்த ரிசர்வ் வங்கியே அனுமதிக்கிறது. வங்கிகள் அதிலும் வரம்பு வைத்துத்தான் கொடுக்கின்றன.  வீட்டுக்கும் அதே கணக்குப் பொருந்தும்.

வெளி மாநிலத்துக் குடும்பங்கள் இன்னொன்றும் செய்யலாம். அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததை அத்தையிடமோ மாமாவிடமோ சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்த உறவு பக்கத்தில் இல்லை. "எங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அத்தைக்கு ஒரு போன் போடு" என்று ஒருவரை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட்டால், அடைபட்ட பிள்ளைக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும்.

யாரிடம் போவது?

மிரட்டல் என்று தெரிந்தால் பணம் அனுப்பக் கூடாது. ஒரு முறை அனுப்பினால் மறு முறை கேட்பான். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். சிறாரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழும் போக்சோ சட்டத்தின் கீழும் குற்றம். ஆகவே "ஆலோசனை கேட்க" என்று அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது கூடவே கூடாது. சாதனத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போலீசிடம் போவதே முறை.

போலீஸ் என்றதும் குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு தகவல். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்ய வேண்டும். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

மிரட்டல் ஏதும் இல்லை. ஆனால் பிள்ளை சாப்பாடு தூக்கம் மறந்து திரையிலேயே கிடக்கிறது, பிடுங்கினால் வெறிபிடித்தாற்போல் கத்துகிறது என்றால், அது பூட்டினால் தீரும் விஷயமன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இலேயே இதற்கென்று "ஷட்" என்ற தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தேடி வரும் அந்தச் சேவை பெங்களூர்த் தமிழர்களுக்கு பஸ் தூரத்தில் இருக்கிறது. 14416 என்ற "டெலி மானஸ்" எண்ணை அழைத்தால் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

டேப்லெட்டின் பூட்டு உடைக்க முடியாததாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. அது பிள்ளையைத் திருடரிடமிருந்தும் காக்கிறது; பெற்றோரிடமிருந்தும் மறைக்கிறது. அந்த ஆறு எண்களையும் பிள்ளை தானாக எழுதி உறையில் போட்டுக் கொடுக்கும்படி ஒரு வீட்டில் பேச்சு இருக்குமானால், அந்த உறையைப் பிரிக்க வேண்டிய நாள் பெரும்பாலும் வராது. ஆபத்து வந்தால் பெற்றோரைத் தேடிப் பிள்ளையே முதலில் வரும்.